பனிவழியில் ஒரு துவிச்சக்கரவண்டி

தமிழ்ப் புலவர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது, அவற்றுள் இரண்டினைப் பனிக்கே கொடுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் உரியன என்று இலக்கணம் கூறும். இவற்றைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். ஆயினும், பனியைச் சக்கரத்தின் கீழே கிடக்கும் ஒரு பொருளாக யான் அறிந்துகொண்டது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே.

அதற்குக் காரணமாயிருந்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஆனி, ஆடி மாதங்களில் இலங்கையில் எரிபொருள் அற்றுப்போனதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறர்க்குப் பெற்றோல் இல்லை என்றாயிற்று. நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது பஸ் வருமா வராதா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. யான் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். துவிச்சக்கரவண்டி என்று எழுதுவதும் சைக்கிள் என்று பேசுவதும் நம் நாட்டு வழக்கு. இக்கட்டுரையில் இரண்டும் வரும்.

சைக்கிள் எனக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இளைஞனாயிருந்தவர்கள் எவர்க்கும் அது புதியதாக இருக்க இயலாது. அரிசி மூடையும் நோயாளியும் மணமக்களும் சைக்கிளிலேயே சென்ற காலம் அது. மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். ஆனால் அது மருதமும் நெய்தலும் கலந்த சமநிலம். ஏறுதல் இறங்குதல் என்ற பேச்சே அங்கில்லை. கண்டி வேறு. இங்கே நிலம் எந்த இடத்திலும் சும்மா கிடப்பதில்லை. ஒன்று மூச்சை வாங்கும், அல்லது உயிரை வாங்கப் பார்க்கும்.

என் இருப்பிடம் ஹந்தானை மலைச்சரிவில். தேயிலை நூதனசாலைக்கு ஏறும் வீதி என்றால் ஊரவர்க்கு விளங்கும். 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையே பின்னாளில், 2001இல், நூதனசாலையாயிற்று. அங்கிருந்து நகரை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் அவ்வீதியிற்றான் காலைதோறும் யான் செல்வது. போகும்போது மிதிக்க வேண்டுவதில்லை. திரும்பும்போது பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டே ஏறுவேன். சைக்கிளில் யான் செல்கின்றேனா, என்னுடன் சைக்கிள் வருகின்றதா என்று மாணவர் சிலர் ஐயுற்றதுண்டு.

மார்கழிக் கடைசியிலும் தையிலும் இவ்வீதியின் விடியலைச் சொல்லவேண்டும். கண்டி நகரை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்தோடுகின்றது, நடுவே வாவி. இரவிலே வானம் தெளிந்து காற்று அடங்கினால், நீரின் ஈரமெல்லாம் கிண்ணத்தில் வார்த்த பால்போல் பள்ளத்தாக்கில் வெண்மையாய்த் தேங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் வாவி இல்லை, கடைவீதி இல்லை. எதிரே பஹிரவகந்தையின் வெண்ணிறப் புத்தர் சிலை மட்டும் அந்த வெண்மைக்கு மேலே தனித்து இருக்கும். கடைசி வளைவுகளில் இறங்கும்போது நாமும் அதனுட் புகுவோம். மூக்குக்கண்ணாடி நனைந்து மறையும். எதிரே முச்சக்கரவண்டி வருவதைக் கண் அறியுமுன் காது அறியும். மருத்துவமனையை நெருங்கும்போது நோயாளர் வண்டியின் ஊளை எத்திசையினின்று வருகின்றதென்று துணிய முடியாது.

ஆயினும் மூடுபனி கண்ணை மறைப்பதோடு நிற்கும். காலை வாருவது நிலத்திற் படிந்த ஈரமே. மண்மேட்டைச் சார்ந்த ஓரங்களிலே பாசி படர்ந்திருக்கும். அதன்மேல் இலையுதிர்ந்து ஊறிக் கிடக்கும். 2023ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள், ஒரு வளைவின் நடுவே நாயொன்று குறுக்கிட, முன்பிறேக்கை இறுகப் பிடித்தேன். முன்சக்கரம் நின்றுவிட்டது, சைக்கிளும் யானும் நிற்கவில்லை. முழங்கால் கிழிந்தது. புத்தகப்பை மதகுக்குள் விழுந்தது. அவ்வழியே கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அவர்களுள் ஒருவரை எனக்கு நன்கு தெரியும். என் மாணவன் ஒருவனின் தாய்.

அன்று கற்ற பாடம் இது: வேகத்தைக் குறைப்பதென்றால் வளைவுக்கு முன்னரே குறைத்துவிட வேண்டும்; வளையும்போது பிறேக்கைத் தொடலாகாது. சக்கரத்துக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள பிடிமானம் ஒரு சிறு முதல். திரும்புவதற்கும் அதிலிருந்தே செலவு; நிற்பதற்கும் அதிலிருந்தே செலவு. ஈரத்தில் அம்முதல் சுருங்கிவிடும். இரண்டு செலவையும் ஒரே கணத்திற் செய்தால் வண்டி கடனாளியாகி விழும்.

இதைவிட மெய்யான பனியை நம் நாட்டிற் காண விரும்புவோர் நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். கண்டி கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 500 மீற்றர். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். தை மாதத்திலும் மாசியிலும், மழை ஓய்ந்து வானம் துடைத்தாற்போலிருக்கும் இரவுகளில், அங்கும் அம்பேவளை, கந்தப்பளைப் பகுதிகளிலும் புல்வெளி வெண்மையாகிவிடும். வானிலிருந்து விழுவதன்று அது. நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர, குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்க, காற்றிலுள்ள ஈரம் புல்நுனியிலேயே உறைந்துவிடுகின்றது. வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து தீப்பட்டதுபோற் கருகும். தோட்டத்தவர்க்கு அது காட்சியன்று, நட்டம். ஒரு தை மாதக் காலையில் யான் அங்கே கண்ட ஒன்று இன்றும் நினைவிலிருக்கின்றது. வெளியில் விட்டிருந்த ஒரு சைக்கிளின் இருக்கையிலும் கைபிடியிலும் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருந்தது. பக்கத்திலிருந்த தார்வீதியோ வெறும் ஈரமாய்க் கிடந்தது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தடித்த வீதி விடியும்வரை வைத்திருக்கும். மெல்லிய இருக்கை விரைவில் இழந்துவிடும். ஆதலால் நம் நாட்டில் சைக்கிளுக்குப் பனிக்கட்டி வருவதுண்டு, வீதிக்கு வருவதரிது.

வீதிக்கும் வருகின்ற நாட்டுக்குச் சென்றவன் மேலே யான் குறித்த அந்த மாணவன். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மழையென்றும் பனியென்றும் பாராது நடந்தே பாடசாலைக்கு இறங்கியவன். 2022இன் நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுச் சென்ற இளைஞர் பலருள் அவனும் ஒருவன். இப்பொழுது ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கின்றான். விடியுமுன் தொடங்கும் வேலை. அந்நேரத்துக்கு வாய்ப்பான பஸ் இல்லை. கார் வாங்கப் பொருளில்லை. மாரிகாலத்தில் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தான்.

“சேர், இங்க ஸ்நோ கொட்டுது. நான் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன்.”

“ஏன் தம்பி, விழுந்துபோட்டியோ?” என்று கேட்டேன். எதனால் அப்படிக் கேட்டேனென்று எனக்கே தெரியாது. சற்றுநேரம் அவன் பேசவில்லை. இடக்கை மணிக்கட்டில் எலும்பு வெடித்திருக்கின்றது, கட்டுப் போட்டிருக்கின்றார்கள், அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்றான்.

அந்த அம்மாவை யான் காலைதோறும் வீதியிற் காண்பவன். “பிள்ளைக்கு அங்க ரொம்பக் குளிராமே, சேர்?” என்று கேட்பார். “குளிர்தான் அம்மா, உடுப்பிருக்கின்றது” என்பேன். அப்பதிலில் பொய் ஒன்றுமில்லை. அதனாலேயே அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

அவன் கேட்ட இன்னொரு கேள்வியும் உண்டு. “அந்த வெள்ளையா பஞ்சு மாதிரி விழுறதுக்கு நம்ம பாட்டுல என்ன சேர் சொல்லு?” பண்டிதன் என்று பெயர் வைத்துக்கொண்டவன் விடை சொல்லவேண்டுமன்றோ! பனி என்ற சொல்லைப் பழையோர் எத்தனை பொருளிலே ஆண்டார்கள்: துளி, குளிர், கண்ணீர், நடுக்கம், அச்சம். பனித்தல் என்றால் நடுங்குதல். கல்மழையை ஆலி என்றார்கள். இமயத்தையும் அறிந்திருந்தார்கள். எனினும், முற்றத்தில் பஞ்சாய் விழுந்து முழங்காலளவு குவிகின்ற ஒன்றை நாளாந்தம் பெயர்சொல்லி அழைக்கும் தேவை தென்னாட்டார்க்கு இருந்ததில்லை. இன்று வெண்பனி என்று எழுதுகின்றோம். அவனும் அவன் அயலாரும் ஸ்நோ என்றே வழங்குகின்றார்கள். அதைக் குற்றமென்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. விழுந்தவனல்லவா பெயரிட உரிமையுடையவன்?

வீழ்ந்த காரணத்தை விசாரித்தேன். புதிதாய் விழுந்த பனியில் அவன் விழவில்லை. பகலில் உருகி வழிந்த நீர் இரவில் மீண்டும் உறைந்து, கண்ணாடிபோல், வீதியின் நிறத்திலேயே கிடந்த இடத்திற் சறுக்கியிருக்கின்றான். அதுவும் திரும்பும்போது, அதுவும் முன்பிறேக்கைப் பிடித்து! ஹந்தானை வளைவில் யான் செய்த பிழையையே, ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால், என் மாணவன் செய்திருக்கின்றான். பிழையைச் செய்யுமுன் அதனை அவனுக்குப் போதிக்க எனக்கு வாய்க்கவில்லை.

அதன்பின் இந்தப் பொருளைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கின்றதென்று மைக்கேல் பரடே 1850ஆம் ஆண்டளவிலேயே கருதினார். உறையும் நிலையை ஒட்டி வெப்பம் நிற்கும்போது இந்தப் படலம் பெருகும், கடுங்குளிரில் ஒடுங்கும். ஆகவே மிகக் குளிர்ந்த நாளைவிட, சுழியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் நாளே சைக்கிளோட்டிக்குக் கொடியது. ரொறன்ரோவின் மாரி பெரும்பாலும் அவ்வகையினது. பின்லாந்தில், 65ஆம் அகலக்கோட்டை அண்டி, ஊலு என்றொரு நகரம் உண்டு. குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கென்றே ஓர் அனைத்துலக மாநாடு 2013இல் முதன்முதலாகக் கூடியது அங்கேதான். சிறுவர் சிறுமியர் பனியூடே சைக்கிளிற் பாடசாலை செல்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அவர்கள் நம்மிலும் வீரம் மிக்கவர்கள் என்பதற்கில்லை. நகரசபை சைக்கிட்பாதையை விடியுமுன் வழித்துத் துப்புரவாக்கிச் சிறுகல் தூவிவிடுகின்றது. கார்களின் பாதையிலிருந்து அது விலகியே செல்கின்றது. செய்தி இவ்வளவே.

கண்டியிலோ, பாசியைச் சுரண்டுவார் இல்லை. வீதியோரம் என்பது முச்சக்கரவண்டி நிற்கவும், வடிகாலின் சேறு குவியவும், நடப்பவர் ஒதுங்கவும், சைக்கிள் செல்லவும் ஆகிய நான்கு பயனுக்கும் விடப்பட்ட ஒரு முழ அகலம். எரிபொருள் மீண்டதும் 2022இல் வாங்கிய சைக்கிள்கள் பல படிக்கட்டின் கீழே துருவேறத் தொடங்கின. மலையைப் பழித்துப் பயனில்லை. ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டாவது கடக்கலாம். பின்னால் ஒலிப்பானை ஓயாது அழுத்திவரும் பஸ்ஸை எதனாற் கடப்பது?

மாணவனுக்கு யான் சொன்னவை சில. அவன் அங்குள்ளோரிடம் அறிந்து எனக்குச் சொன்னவை பல. ரயரின் ஓரங்களில் சிறு உலோக ஆணிகள் பதித்த குளிர்கால ரயர்கள் இருக்கின்றன. அவை பனிக்கட்டியைக் கௌவிக்கொள்ளும். இரண்டு வாங்க இயலாதெனில் முன்சக்கரத்துக்கே முதலில் இட வேண்டும். பின்சக்கரம் சறுக்கினாற் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் சறுக்கினால் விழுதலே முடிவு. காற்றைச் சற்றுக் குறைத்து விட்டால் ரயர் நிலத்தில் அகலமாய்ப் படியும். வீதிக்கு இடும் உப்பு சங்கிலியைத் தின்னும். நாள்தோறும் துடைத்து எண்ணெயிட வேண்டும். உடுப்பை அளவுக்கு மீறி அடுக்கலாகாது; வியர்த்தால் அவ்வியர்வையே பின்பு குளிராகும்.

கைகள்தாம் முதலில் மரக்கும் என்றான். நெடுநல்வாடையில், வாடைக்கு ஆற்றாத கோவலர் தீயிற் காய்ச்சிய கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடுங்கும் காட்சியை அவன் வகுப்புக்கு யான் நடத்தியது நினைவுக்கு வந்தது. அதை அவனும் மறக்கவில்லை. ஒற்றை விரலுறைகள் போதா. நான்கு விரலும் ஒன்றாய்க் கூடியிருக்கும் உறையே சூடு காக்குமாம். “ஒண்ணாச் சேர்ந்திருந்தாத்தான் சேர் சூடு” என்றான். கைவிரலைப் பற்றி மட்டுந்தான் சொன்னானோ, யான் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று தாய்க்கு அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதன்பின்னரே இதனை எழுதத் துணிந்தேன். மறுநாட் காலை அவர் கொழுந்துக்கூடையுடன் வீதியோரத்தில் நின்றார். “உங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சா சேர்?” என்றார். தெரியும் என்றேன். அவர் என் சைக்கிளையும், முழங்காலையும், கீழே வெண்மையாய்க் கிடந்த பள்ளத்தையும் பார்த்தார். “அந்த வளைவுல எறங்கித் தள்ளிட்டுப் போங்க” என்று சொல்லி மலையேறினார். இறங்கித் தள்ளினேன்.