சாண் அளவிலும் சுறா... வேன் அளவிலும் சுறா! ஆழ்கடல் அதிசயம்

உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியோடு முடிந்து விடும். மொத்தமே ஒரு சாண் நீளம்தான். இதுவும் சுறாதான் என்றால் நம்ப முடிகிறதா?

இதன் பெயர் குள்ள லாந்தர் சுறா. இதுவரை தெரிய வந்த சுறாக்களிலேயே மிகச்சிறியது என்று இதைத்தான் சொல்கிறார்கள். நன்றாக வளர்ந்ததே சுமார் 20 செ.மீ.தான். கரீபியன் கடலில் கொலம்பியா, வெனிசுலா நாடுகளையொட்டி 280 முதல் 440 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. 1985-ம் ஆண்டுதான் விஞ்ஞானிகள் இதை தனி இனமாக அறிவித்தார்கள்.

லாந்தர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. இதன் வயிற்றுப்பகுதி நிஜமாகவே ஒளிரும். மேலே இருந்து வரும் மங்கலான வெளிச்சமும் வயிற்று வெளிச்சமும் ஒன்றாகி விடுவதால், கீழே இருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாது. பொடியன் தப்பித்துக் கொள்வான்.

தூரத்து பங்காளி

இதற்கு தூரத்து பங்காளி முறையில் ஒரு ராட்சதன் இருக்கிறான். அதுதான் கிரீன்லாந்து சுறா. 6.4 மீட்டர், அதாவது 21 அடி வரை வளரும். ஒரு வேன் நீளம். எடை ஒரு டன். வட அட்லாண்டிக், ஆர்டிக் கடல்களின் குளிர்ந்த தண்ணீரில் வாழும் இது, 2 ஆயிரம் மீட்டருக்கு கீழேயும் தென்பட்டிருக்கிறது. திமிங்கலச் சுறா இதை விட பெரிதாச்சே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மேல்மட்டத்தில் இரை தேடும் ஜாதி.

நீளத்தில் குள்ளனை விட 30 மடங்கு என்பதால் எடையும் 30 மடங்கு என்று கணக்கு போட்டு விடக்கூடாது. மீன் மார்க்கெட்டில் பார்த்திருப்பீர்கள். ஒரு அடி வஞ்சிரத்தை விட 2 அடி வஞ்சிரம் எடையில் 8 மடங்கு நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து கூடுவதுதான் காரணம். அந்தக் கணக்கில் 30 மடங்கு நீளம் என்றால் எடை 27 ஆயிரம் மடங்கு!

இன்னொரு வேடிக்கை. கிரீன்லாந்து சுறாவின் குட்டி பிறக்கும்போதே சுமார் 40 செ.மீ. இருக்கும். நம்ம குள்ளன் முழுசாக வளர்ந்தாலும் அந்த பச்சைக் குழந்தையில் பாதிதான்.

வயது 272-க்கு மேல்

இவ்வளவு பெரிய உடம்பு ஒரே நாளில் வந்து விடவில்லை. இது ஆண்டுக்கு ஒரு செ.மீ. கூட வளராது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஜூலியஸ் நீல்சன் குழுவினர் 28 பெண் சுறாக்களின் கண் லென்சை ஆராய்ந்து, 2016-ம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். லென்சின் நடுப்பகுதி தாய் வயிற்றிலேயே உருவாகி, கடைசி வரை மாறாமல் இருக்கும். அதில் உள்ள கார்பனை வைத்து பார்த்ததில், 5 மீட்டர் நீள சுறாவுக்கு குறைந்தது 272 வயது என தெரிந்தது. 392 இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எப்படி பார்த்தாலும் உலகில் ரெயில் ஓடத் தொடங்கும் முன்பே பிறந்தது அது!

சிக்கல் இங்கேதான். பெண் சுறா 4 மீட்டர் வளர்ந்தால்தான் குட்டி போடும் பக்குவம் வரும். அதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். முன்பு ஈரல் எண்ணெய்க்காக ஆயிரக்கணக்கில் வேட்டையாடினார்கள். இப்போது வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்குகிறது. 3 மீட்டர், அதாவது 10 அடி சுறாவை பார்ப்பவர்கள் பெரிய கிழம் என்றுதான் நினைப்பார்கள். அது இன்னும் ஒரு குட்டி கூட போடாத சுறா.