கடைமடை காய்வது போலத்தான்

கல்லீரல் கெட்டவருக்குச் சிறுநீரகம் ஏன் படுக்கிறது? கீழணைப் பாசனத்தின் கடைமடையில், சிதம்பரம் பக்கம், பயிர் வைக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும்.

கல்லீரல் தழும்பேறி இறுகினால், குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழையத் திணறும். அழுத்தம் ஏறி, வயிற்றுப்பகுதி ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தத்தை அங்கேயே தேக்கும். வயிற்றிலும் நீர் கோக்கும். மேல்மடை ரொம்பிக் கிடக்க, கடைமடை காய்கிற கதைதான். உடம்பில் தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணி, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். அதன் குழாய்களும் சுருங்கும், சிறுநீர் குறையும்.

சிறுநீரகம் பெரும்பாலும் பழுதாகியிருக்காது. இப்படி இறந்தவர்களின் சிறுநீரகத்தைப் பிறருக்குப் பொருத்தி, அது வேலை செய்ததை 1969-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கிணத்துலதான் தண்ணி இல்லை.

அதனால் கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியவர் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. அந்தக் குழாய் இன்னும் சுருங்கும். நீர் பிரியும் மாத்திரையைத் தானாகக் கூட்டுவதும், பேதியைக் கவனிக்காமல் விடுவதும் அதே ஆபத்து. கீழாநெல்லி மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனா இந்தக் கட்டத்துல அதை நம்பி நாள் கடத்தாதீங்க. சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே கிரியாட்டினின் பார்த்து, நரம்பு வழியாக ஆல்புமினும், வயிற்றுக் குழாய்களைச் சுருக்கும் டெர்லிப்ரெசினும் தேவைப்பட்டால் கொடுப்பார்கள்.