உங்களுக்குத் தெரியுமா? செருப்பு கழன்றது காலுக்குத் தெரியாமல் போகலாம்

சித்திரை வெயிலில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பிரகாரத்துக் கருங்கல், அடுப்பிலேற்றிய தோசைக்கல் மாதிரி. எல்லோரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, ஒருவர் மட்டும் நிதானமாகச் சுற்றி வருகிறார் என்றால் அது பக்தியாக இருக்கலாம். பாதத்தில் உணர்ச்சி மங்கியதாகவும் இருக்கலாம்.

சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கும்போது பெரும்பாலும் கால்விரல்களில்தான் தொடங்கும். காரணம், நீளம். முதுகின் அடிப்பகுதியிலிருந்து அங்கே போகும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீட்டர். இரவில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற மதமதப்பு ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். தி.நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலு கடை தாண்டிப் போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு, 2008-ல் வெளியான கட்டுரையில், டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்ததைக் காட்டியது. சர்க்கரை இருப்பதே அந்த ஆய்வில்தான் தெரியவந்தவர்களிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு!

சோதனை எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொன்னால் போதும்.

நீண்ட நாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரலாம். அதை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.