சுடோகு இருக்கட்டும், காது எப்படி இருக்கிறது?

மறதி நோய் வராமலிருக்கச் சுடோகு போடலாமா, வல்லாரை சாப்பிடலாமா என்று வாசகர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அதற்கு மேல் ஆதாரம் மெலிவு. மூளைப் பயிற்சிச் செயலிகளுக்கும் இதே பதில்தான், செலவு மட்டும் கூடுதல். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. (இது மக்கள்தொகைக் கணக்கு, உங்கள் ஜாதகம் அல்ல.) தலா 7 சதவீதத்தோடு முன்னால் நிற்பவை கெட்ட கொழுப்பும் காது மந்தமும். கொழுப்பைப் பற்றிப் பேச நிறைய ஆளிருக்கிறது. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை டேனரி டிரம்களும் பஃபிங் மிஷின்களும் ஓடும் வட்டாரத்தில் காதைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

உள்காதில் சுமார் 15,000 மயிர்செல்கள். வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கேற்ப நொடிக்குப் பல ஆயிரம் முறை நீண்டு சுருங்கி அதிர்வைப் பெருக்குகின்றன. உள்வரிசைச் செல்கள் அதை நரம்புக்குக் கொடுக்கின்றன. இரைச்சலுக்கு முதல் பலி இந்தச் செல்களே என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2009-ல் செவி ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் கண்டது வேறு. இரைச்சலுக்குப் பின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது, செல்களும் பிழைத்தன. ஆனால் உள்காதின் ஒரு பகுதியில் செல்லையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் பாதிவரை போய்விட்டன. மனிதரிடமும் இப்படியே நடக்கிறது என்றால், அமைதியான அறையில் ‘பீப்’ ஒலிச் சோதனையில் தேறுகிறவருக்குக் கல்யாண வீட்டுப் பேச்சு பிடிபடாததில் வியப்பில்லை. அப்போது மூளை, மழையில் நனைந்த பேரேட்டைப் பார்க்கும் கணக்குப்பிள்ளை ஆகிறது. இது 3-ஆ 8-ஆ என்று ஊகிப்பதிலேயே பொழுது போகிறது. கூட்டல் பிந்துகிறது, நேற்றைய வரவு மறக்கிறது. உதவிக்கு இன்னொருவரை வைக்கவும் மண்டையோட்டுக்குள் இடமில்லை, முதலாளியோ பேரேட்டை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளைக்கு வல்லாரை வாங்கிக் கொடுக்கிறார்.

வரலாறு வேண்டுமென்போருக்கு: வெனிஸ் நகரச் செம்பு கொட்டுவோர் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். போதும்.

காது மந்தத்தை ஏன் யாரும் பொருட்படுத்துவதில்லை? மறதியைப் பொருட்படுத்தாத அதே காரணம்தான். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தபோது, அமெரிக்க மனநல அளவுகோலின்படி டிமென்ஷியா 1 சதவீதத்துக்கும் குறைவு. 10/66 என்னும் டிமென்ஷியா ஆய்வுக் குழு கல்வியறிவுக்கேற்பத் திருத்திய முறையில் ஏறத்தாழ 10 சதவீதம். அமெரிக்க அளவுகோல் அன்றாட வேலை கெட்டிருக்கிறதா என்று கேட்கிறது. நம் வீடுகளில் பெரியவருக்கு வேலையை வைத்தால்தானே கெட? மிச்சத்தை ‘வயசாச்சு’ மூடிவிடுகிறது. காதையும் அதே சொல்தான் மூடுகிறது.

காது மந்தம் டிமென்ஷியாவுக்குக் காரணமா, அல்லது தேயும் மூளையின் முன்னறிகுறியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023-ல் வெளியான அமெரிக்காவின் ‘அச்சீவ்’ சோதனையில் 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். மொத்தத்தில் செவித்துணைக் கருவியால் மூளைக்கு லாபம் தெரியவில்லை. சிந்தனைத் திறன் சரியும் ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. செய்தித்தாள்கள் இரண்டாவதையே தலைப்பாக்கின. ஒரு பிரிவில் கிடைத்த முடிவை வைத்துக் கருவி விற்பது அவசரம். ஆனால் இரைச்சலைக் குறைக்க டிமென்ஷியா நிரூபணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். செவிட்டுத்தன்மையே போதிய காரணம். நம் சட்ட விதி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை அனுமதிக்கிறது; அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை 85. அந்த 5-க்குள் மூன்று மடங்கு ஒலியாற்றல் இருக்கிறது.

காதடைப்பான் மாட்டினால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது என்பது அடுத்த ஆட்சேபம். அடைப்பான் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே குறைப்பதால் இரண்டின் விகிதம் மாறாது; காதின் திணறல் மட்டும் குறைவதால், பேரிரைச்சலில் நல்ல காதுள்ளவருக்குக் கத்திச் சொல்வது இன்னும் தெளிவாகக்கூட விழும். ஏற்கெனவே மந்தமான காதுக்கு இந்தச் சலுகை கிடையாது. இருபது வருடம் கழித்து மாட்டுகிறவருக்கு மேஸ்திரி குரல் நிஜமாகவே கேட்காமல் போகலாம்.