அஸ்தம்பட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

மாலை 6½ மணி.

சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காடு போகும் பஸ்கள் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்புகின்றன. கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. ஒரு வீட்டில் அம்மா சுவிட்சைப் போடுகிறாள். பையன் பாடப் புத்தகத்தை விரிக்கிறான்.

அகல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டால், "நான்தான்" என்பாள் அம்மா. அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றியவர் அப்பா.

இந்த விளக்குக்கு?

அதற்கு விடை தேடினால், நாம் மேட்டூருக்குப் போக வேண்டும். குடகு மலைக்குப் போக வேண்டும். ஒடிசாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போக வேண்டும்!

குதிரில் கொட்டி வைக்க முடியாது

நெல் விளைந்தால் குதிரில் கொட்டி வைக்கிறோம். தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிறோம். மின்சாரத்தை அப்படி மலை மலையாகக் குவித்து வைக்க முடியாது. பாட்டரியில் கொஞ்சம் அடைக்கலாம். ஒரு மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தை அப்படி அடைத்து வைப்பது இன்னும் எட்டாத காரியம்.

ஆகவே, அம்மா சுவிட்சைப் போடும் அந்த நொடியிலேயே, எங்கோ ஒரு மின்சார நிலையத்தில் அந்த மின்சாரம் பிறந்தாக வேண்டும்.

மேட்டில் ஏறும் மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். நாலு மூட்டையைக் கூடுதலாக ஏற்றினால் வேகம் குறையும். மாடு இன்னும் பலமாக இழுக்க வேண்டும். மின்சார எந்திரமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால், எந்திரத்தின் சுற்று தளரும். உடனே கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். அனல் நிலையமாக இருந்தால் கூடுதலாகக் கரி எரிக்க வேண்டும்.

தண்ணீரும் இல்லை, கரியும் இல்லை என்றால்? சில ஊர்களை நிறுத்திவிட்டு மற்ற ஊர்களைக் காப்பாற்றுவார்கள். நிறுத்தாவிட்டால் எல்லா ஊரும் இருண்டுவிடும். அதுதான் மின்வெட்டு!

காவிரி ஏற்றிய விளக்கு

காவிரி மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1902-ம் ஆண்டில். மைசூர் சமஸ்தானத்தில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சார நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்.

சேலம் பக்கத்தில் அந்த அதிசயம் நடக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கியது. 1934 ஆகஸ்டு 21-ந் தேதி அணை திறக்கப்பட்டது. அப்போதைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி. அணை நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி!

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. கோவில் இருந்தது. மாதா கோவிலும் இருந்தது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் மாதா கோவில் கோபுரமும் வெளியே தெரியும். அதைப் பார்க்க ஜனங்கள் கூடுவார்கள். விவசாயிக்கும் மின்சார என்ஜினீயருக்கும் அது சந்தோஷமான காட்சி அல்ல!

அணையின் அடியில் உள்ள மின்சார நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. 1946-க்குள் நாலு எந்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் 10 மெகாவாட். பிற்காலத்தில் இவற்றின் பலத்தைக் கூட்டினார்கள்.

மெகாவாட் என்றால் என்ன? 10 லட்சம் வாட். இன்றைய 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு லட்சம் எரியலாம்.

1965, 1966-ம் ஆண்டுகளில் மேட்டூர் சுரங்க மின்சார நிலையம் வந்தது. நாலு எந்திரங்கள், மொத்தம் 200 மெகாவாட்.

தண்ணீர் எப்படி விளக்காகிறது? உயரத்திலிருந்து பாயும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து காந்தம் சுழல்கிறது. காந்தத்தைச் சுற்றிலும் கம்பிச் சுருள். காந்தம் சுழலச் சுழல, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. வேலை முடிந்த தண்ணீர் கெட்டுப் போவதில்லை. அப்படியே ஆற்றில் இறங்கி வயலுக்குப் போகிறது.

நெல்லுக்கே முதல் மரியாதை

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. மேட்டூர் அணையைக் கட்டியது பயிருக்காக. விளக்குக்கு வேண்டும் என்று நினைத்த நேரத்தில் நினைத்த அளவு தண்ணீர் திறக்க முடியாது.

குறுவைக்காக ஜூன் 12-ந் தேதி அணை திறப்பது வழக்கம். தஞ்சைச் சீமைக்குத் தண்ணீர் போகும்போது, போகிற போக்கில் மின்சாரம் கிடைக்கிறது. பாசனத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால், எந்திரங்களுக்கும் ஓய்வுதான்.

அதனால் கிடைக்கும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த ஒரு வழி கண்டார்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் தடுப்பணைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். மேட்டூரில் ஒரு முறை சக்கரம் சுற்றிய அதே தண்ணீர், வழியில் மீண்டும் மீண்டும் சக்கரம் சுற்றுகிறது. ஒரே மாடு ஏரும் ஓட்டி, வண்டியும் இழுத்தது போல!

ரயில் ஏறி வரும் கரி

மழை பொய்த்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் மேட்டூரில் அனல் மின்சார நிலையம். 1987-லிருந்து 1990-க்குள் 210 மெகாவாட் எந்திரங்கள் நாலு ஓடத் தொடங்கின. பிறகு 600 மெகாவாட்டில் இன்னொரு எந்திரம் சேர்ந்தது.

ஆனால் சேலம் சீமையில் கரி ஏது? ஒடிசாவில் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டுகிறார்கள். பாரதீப் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுகிறார்கள். சென்னைக்கு அருகே எண்ணூரில் இறக்குகிறார்கள். அங்கிருந்து ரயில் ஏறி மேட்டூருக்கு வருகிறது கரி.

இதில் மனித உயிரும் இருக்கிறது. 2024 டிசம்பரில், மேட்டூர் அனல் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து விழுந்தது. இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். சுவிட்சைத் தொடும்போது நம் கண்ணுக்குத் தெரியாத முகங்கள் அவை.

மேட்டூர் மின்சாரம் மட்டும்தான் அஸ்தம்பட்டிக்கு வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நீலகிரித் தண்ணீர், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, கூடங்குளம் அணு உலை, தென் மாவட்டக் காற்றாலை எல்லாம் ஒரே கம்பி வலையில் கலக்கின்றன. ஏரியில் கலந்த பிறகு, இது எந்த ஓடைத் தண்ணீர் என்று யார் சொல்ல முடியும்?

கவலை ஓய்ந்தது

1957 ஜூலை 1-ந் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் ஏற்பட்டது. சேலம் நகரத்தில் அந்த நாளில் வீட்டுக்கு மின்சாரம் விற்றது சேலம்–ஈரோடு மின்சார விநியோகக் கம்பெனி என்ற தனியார் கம்பெனி. பிற்காலத்தில் இப்படிப்பட்ட கம்பெனிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

கிராமங்களுக்குக் கம்பி போன பிறகுதான் பெரிய மாறுதல் வந்தது. சேலம், நாமக்கல் பக்கம் கிணற்றுப் பாசனம் அதிகம். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றில், மோட்டார் பம்பு வந்தது. தறி போடும் ஊர்களில் விசைத்தறி வந்தது. வயிற்றுப் பிழைப்பே கம்பியில் தொங்கத் தொடங்கியது.

தறி நின்ற நாட்கள்

அது எவ்வளவு உண்மை என்பது 2008-க்குப் பிறகு தெரிந்தது. தேவை வளர்ந்தது. உற்பத்தி அந்த வேகத்தில் வளரவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை!

அந்த ஆண்டு வானமும் கைவிட்டது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, செப்டம்பர் 17-ந் தேதிதான் திறந்தது. இடைப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் தறிகள் நின்றன. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வேலை தடைப்பட்டது. தறி ஓடினால்தான் கூலி. நாள் முழுதும் காத்திருந்தும், மின்சாரம் வராத நேரத்துக்குக் கூலி இல்லை.

வெளியிலிருந்து வாங்கலாமே என்றால், வடக்கிலிருந்து கொண்டுவரப் போதிய கம்பிப் பாதை இல்லை. தெற்கு மாநிலங்களின் வலை 2013 டிசம்பர் 31-ந் தேதிதான் நாட்டின் பெரிய வலையோடு முழுமையாக இணைந்தது.

லெசோத்தோ சொல்லும் பாடம்

ஆப்பிரிக்காவின் தெற்கே லெசோத்தோ என்று ஒரு சின்ன நாடு. நாலு பக்கமும் தென் ஆப்பிரிக்காவே சூழ்ந்திருக்கிறது. மலை நாடு. தண்ணீருக்குக் குறைவில்லை. மலையைக் குடைந்து, அந்தத் தண்ணீரைத் தென் ஆப்பிரிக்காவுக்கு விற்கிறார்கள். போகும் வழியில் முவேலா என்ற இடத்தில் சக்கரம் சுற்ற வைக்கிறார்கள். கிடைப்பது 72 மெகாவாட்.

மேட்டூர் சுரங்க நிலையம் ஒன்றே 200 மெகாவாட் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு தேசத்தின் முக்கிய மின்சார நிலையம், நம் மேட்டூர் சுரங்க நிலையத்தில் பாதிகூட இல்லை!

அந்த 72 மெகாவாட் நாட்டுக்குப் போதாது. மீதியைத் தென் ஆப்பிரிக்காவிடமும் மொசாம்பிக்கிடமும் வாங்குகிறார்கள். ஆனால் 2022, 2023-ம் ஆண்டுகளில் தென் ஆப்பிரிக்காவே மின்வெட்டில் தவித்தது. பக்கத்து வீட்டுப் பானையே காலியானால், கடன் கேட்டு நிற்பவன் என்ன செய்வான்?

பெரிய நாடோ சின்ன நாடோ, விதி ஒன்றுதான். சொந்தப் பானையிலும் சோறு வேண்டும். பக்கத்து வீட்டுக்கு வழியும் வேண்டும்.

நம் கையில் இருப்பது

தமிழ்நாட்டில் 2016 முதல், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நமக்குத்தான் அது இலவசம். கரிக்கும் கப்பலுக்கும் ரயிலுக்கும் காசு உண்டு.

1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அதே 1 யூனிட்டில் 10 வாட் எல்.இ.டி. பல்பு 100 மணி நேரம் எரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு 17 மணி நேரம்கூட எரியாது.

மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரைதான் நெருக்கடி நேரம். சூரிய மின்சாரம் அப்போது இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு, விசிறி, டெலிவிஷன். அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டி வேண்டாம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பகலிலேயே போட்டுவிடலாம்.

இன்னொன்று. வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், மாற்று சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டுக் கம்பியில் இணைக்கவே கூடாது. அந்த மின்சாரம் திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரைக் குடிக்கும்.

அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அண்ட விடாதீர்கள். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரவு 10 மணி. அஸ்தம்பட்டியில் கடைகள் அடைத்தாயிற்று. பையன் படித்து முடித்துவிட்டான். அம்மா விளக்கை நிறுத்துகிறாள்.

எங்கோ ஒரு சக்கரத்துக்குப் பாரம் ஒரு துளி குறைகிறது. மேட்டூரில் ஒரு கை தண்ணீர் மிச்சம்!