பேண்ட்சா வாங்கும் முன்: விரலும் பில்லும் பத்திரம்

வீட்டுப் பட்டறைக்கு பேண்ட்சா என்னும் பட்டை ரம்பம் தேடுபவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, இணையக் கடையில் கிடைக்கும் புதிய 10 அங்குல மேஜை இயந்திரம், அநேகமாக இறக்குமதி. இன்னொன்று, மூடிவிட்ட ஏதோ ஒரு பட்டறையிலிருந்து பழைய இயந்திர வியாபாரியிடம் வந்து சேர்ந்த 18 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரம். வார்ப்பிரும்பின் கனத்தைத் தொட்டுப் பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாயும். விரல் போகக்கூடிய பொருள் இது என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அங்குலக் கணக்கு என்பது பிளேடு சுற்றிவரும் வீலின் விட்டம். எவ்வளவு தடிமனான கட்டையை அறுக்கலாம் என்பது வேறு அளவு. அதைத் தனியாகக் கேளுங்கள். 10 அங்குல இயந்திரங்களில் அது பொதுவாக 4 முதல் 6 அங்குலம். மோட்டார் அரைக் குதிரைத்திறன் அளவில்தான் இருக்கும் என்பதால், காய்ந்த வேங்கைக் கட்டையை நெடுக்கே பிளக்கத் திணறும். 746 வாட் சேர்ந்தால்தான் ஒரு குதிரைத்திறன். விளம்பரத்தில் பெரிய வாட் எண் இருந்தால், அது மோட்டார் இழுக்கும் மின்சாரமா, வெளியே தரும் திறனா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய பெரிய இயந்திரங்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டில் ஒருமுனை இணைப்பு மட்டும் இருந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும். மும்முனை இணைப்பு இருந்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வீட்டுக் கட்டண இணைப்பில் கூலிக்கு மரம் அறுத்துக் கொடுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடாகக் கருதுகிறது. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். சொந்த உபயோகத்துக்கு அறுப்பவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இனி ஆபத்து. வட்ட ரம்பத்தைப் போல இது கட்டையைத் திருப்பி எறிவதில்லை. பிளேடு மேலிருந்து கீழாக ஓடி கட்டையை மேஜையோடு அழுத்துகிறது. இந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டு அளவு இயந்திரத்திலேயே பிளேடு நிமிடத்துக்கு 800, 900 மீட்டர் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கனமான வீல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் சத்தமில்லாமல். நின்றுவிட்டது என்று நினைத்துச் சில்லைத் தட்டிவிடக் கை நீட்டும் நேரம்தான் ஆபத்தானது. மேல் கைடையும் காப்பு மூடியையும் கட்டைக்கு மேல் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளிக்கு இறக்கிவிட்டுத்தான் அறுக்க வேண்டும். உருண்டைக் கட்டையை வெறும் கையால் பிடித்து அறுக்கவே கூடாது. பல் பட்டதும் அது உருளும், பிடித்த கையையும் சேர்த்து இழுக்கும். கையுறையும் வேண்டாம், பல்லில் நூல் மாட்டினால் கையும் உடன் போகும்.

பழைய இயந்திரங்களில் முதலில் காணாமல் போவது வீல் மூடிதான். அடுத்து ஸ்டார்ட்டர். மின்வெட்டு வந்து இயந்திரம் நின்றபோது நீங்கள் பிளேடு மாற்றத் தொடங்கினால், மின்சாரம் திரும்பியதும் சாதாரண ஸ்விட்ச் அதைத் தானாக ஓடவிட்டுவிடும். மின்சாரம் போனதும் விடுபட்டு, மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். எப்படியானாலும் பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடாதீர்கள். முறையான எர்த்தும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இரண்டு இயந்திரங்களுக்குமே தேவை. முகக்கவசமும் அப்படியே: மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

பெரிய இயந்திரம் வாங்கினால் முழு மரத்தையே அறுக்கலாமே என்ற ஆசை வரும். வனப் பாதுகாப்பு தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மர அறுவை மில்கள் மீதான கட்டுப்பாடு நாடு முழுக்க இறுகியது. எனவே மரத்தடி அறுக்கும் எண்ணம் இருந்தால், இயந்திரத்தை இறக்கும் முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

உரிமைக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதால் காயம் ஏற்பட்டால் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளானால் விற்றவர் பொறுப்பேற்க வேண்டும். வியாபாரி பெரிய அளவில் மாற்றியமைத்து விற்ற பழைய இயந்திரம் அந்த மாற்றத்தால் காயப்படுத்தினாலும் அவரைக் கேட்கலாம். ஆனால் மூடியை நீங்களே கழற்றிவிட்டு ஓட்டியிருந்தால் விற்றவர் மேல் அந்த வழக்கு நிற்காது. தனியாள் ஒருவர் தன் வீட்டிலிருந்து விற்கும் இயந்திரத்துக்கு இந்தச் சட்டத்தின் துணை அநேகமாகக் கிடைக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், இறக்குமதியாளரின் பெயரும் இந்திய முகவரியும் அச்சிட்ட, வீல் மூடியைத் திறந்தால் ஓடாத, பில்லோடு வரும் சிறிய இயந்திரத்தைத்தான் வாங்கச் சொல்வேன். தடித்த கட்டையை உரிமம் பெற்ற மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் அப்படிப்பட்ட வசதி எங்கே இருக்கிறது என்று இயந்திரம் வாங்கும் நாளிலேயே விசாரித்து, எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.