குதிகாலும் நெடுந்தூர ஓட்டமும்

மெக்சிகோ நாட்டின் சிவாவா மாநிலத்து மலைகளில் ராராமுரி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வெளியார் இவர்களைத் தாராஹூமாரா என்பர். இரு அணியினர் மரப்பந்தைக் காலால் உந்தியவாறே மலைப்பாதையில் மணிக்கணக்காக ஓடுவது இவர்தம் பழம்பெரும் பந்தயம். இவர்களுடைய கால்கள் பிறர் கால்களினின்று வேறுபட்டவையோ என்னும் வினா மானிடவியலாரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது.

இதனை ஆராயக் காலின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைப்பது தடித்ததொரு தசைநாண். பாதம் ஊன்றும்போது இது இழுபட்டு நீள்கிறது. பாதம் எழும்போது சுருங்கி, ஏற்ற சக்தியில் பெரும் பகுதியைத் திருப்பித் தருகிறது. 70 கிலோகிராம் எடையுள்ளவர் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடுங்கால், ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 100 ஜூல் சக்தி உடலியக்கத்தினின்று நீங்கி மீள்கிறது. அதில் 35 ஜூல் இத்தசைநாணிலும், 17 ஜூல் உள்ளங்கால் வளைவிலும் சேமிக்கப்படுவதாக 1987-இல் மக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் கணக்கிட்டனர். அந்த அளவிற்குத் தசைகளின் வேலை மிச்சமாகிறது.

கணுக்கால் மூட்டுக்கும் தசைநாணுக்கும் இடைப்பட்ட தூரம் நெம்புகோலின் கையைப் போன்றது. அது குறுகினால் தசைநாண் மிகுந்த விசையுடன் இழுபட்டு, மிகுந்த சக்தியைச் சேமிக்கும். இவ்வாறு குதி குறுகியோர் ஓடுவதற்குக் குறைந்த ஆக்சிஜனே செலவிடுகின்றனர் என்பது 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளிற் கண்ட உண்மை. நியாண்டர்தால் மனிதரின் குதியெலும்பு நம்முடையதினும் நீண்டது. ஆகவே நெடுந்தூர ஓட்டத்தில் அவர்கள் நமக்குப் பின்தங்கியிருத்தல் கூடும். குதி நீண்டோர் இதுகேட்டு வருந்த வேண்டுவதில்லை. அதே தசையைக் கொண்டு அவர்கள் அதிகப் பாரத்தை உயர்த்த இயலும்.

எனினும், அளவுநாடாவைக் கொண்டே ஓட்டக்காரரைத் தேர்ந்துவிட இயலாது. ராராமுரி மக்களின் உள்ளங்கால் வளைவு, மெத்தையிட்ட காலணி அணியும் அமெரிக்கருடையதினும் விறைப்பானது என 2018-இல் தெரிய வந்தது. இவர்கள் அணிவதோ பழைய டயரில் வெட்டிய மெல்லிய செருப்பு! அவ்விறைப்பு பிறப்பினால் அன்றிப் பழக்கத்தால் வந்திருக்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டேனியல் லீபர்மன் குழுவினர், மூத்த ஓட்டக்காரர்களை நேரிற் கண்டு உசாவி, 2020-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உழவு, மலைநடை, நீண்ட நேர வழிபாட்டு நடனம் ஆகியவையே அம்மக்களின் உடலை உரப்படுத்துகின்றன. பந்தயமும் அவர்களுக்கு ஒருவகை வேண்டுதலே. "பிறவி ஓட்டக்காரர்" என்னும் புகழுரை இவ்வுழைப்பை மறைத்துவிட்டது என்பது அக்குழுவினரின் கருத்து.

களத்தில் உடலளவு எடுக்கும் பணியாளர், குறிப்பேட்டில் குதியின் நீளத்திற்கு அருகே, காலணியின் வகை, நாள்தோறும் நடக்கும் தூரம், சுமக்கும் பாரம் ஆகியவற்றிற்கும் இடம் ஒதுக்குதல் நன்று.